பேர் இல்லாத நாள்

(பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



இந்த மாதச் சுவரிதழுக்கு 'நாட்குறிப்பு எழுதும் பழக்கம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை தரும்படி தமிழ் ஐயா சொல்லியிருந்தார். நானும் நூலகத்தில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் தான் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார் என்பதும், கப்பல் வந்தது, சரக்கு விற்றது, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது என்பதும் அழகாக வந்திருந்தது. "ஆகவே மாணவர்களே, நாமும் தினந்தோறும் நாட்குறிப்பு எழுதுவோமாக" என்று முடித்தும் விட்டேன்.

ராத்திரி அதை எடுத்துத் திரும்பப் படித்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஏன்னா, எங்க வீட்ல இருந்த ஒரே நாட்குறிப்பை கிலோ கணக்குல பழைய பேப்பர்காரருக்குப் போட்டவள் நான்தான். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்வது என்ன நியாயம்? அந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தாள் இரண்டுக்கு மேல் போய்விட்டது. கையெழுத்தையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டு என் அப்பாயியோட அப்பா எழுதியது. எங்க வீட்ல அவருக்கு 'கணக்குத் தாத்தா'ன்னு பேர். நான் அவரைப் பார்த்ததில்லை. நீளமான கணக்கு நோட்டு, காலிகோ அட்டை, ஓரமெல்லாம் கரையான் அரிச்சிருக்கும். சிலோனிலிருந்து வந்த றங்குப் பெட்டியில் அடியில் கிடக்கும். (றங்குப் பெட்டி என்றால் தகர டிரங்குப் பெட்டி. சிலோன் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.) சின்ன வயசுல ஒரு தடவை ஆசையாகத் திறந்து பார்த்தேன். ஏதாவது கதை இருக்கும், சிலோனைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே இப்படித்தான் இருந்தது:

கவ்வாத்து – பேர்
கவ்வாத்து – பேர்
கான் வெட்டு – அரை
மழை – பேர் இல்லை
கொழுந்து 28 றாத்தல் – பேர்

பக்கம் பக்கமாக இதேதான்! மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

போன மே மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்க எல்லாச் சாமானையும் வெளியே போட்டோம். பழைய பாடப்புத்தகம், டியூஷன் நோட்டு, நியூஸ் பேப்பர் எல்லாம் தனியாகக் கட்டச் சொல்லி அம்மா என்னிடம் விட்டாங்க. றங்குப் பெட்டியையும் காலி பண்ணினேன். அந்த நோட்டைக் கையில் எடுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கரையான் மண் கொட்டியது. 'இது எதுக்கு' என்று ஒரு நொடி நினைத்தேன், அவ்வளவுதான். கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். மொத்தம் 11 கிலோ. வந்த காசில் ஹேர்பேண்டும் ஒரு ஜெல் பேனாவும் வாங்கினேன். இந்தக் கட்டுரையை அந்தப் பேனாவில் எழுத மனசு வரவில்லை, வேறு பேனா.

பத்து நாள் கழித்து பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கும்போது அப்பாயி, "நோட்டு எங்க புள்ள?" என்று கேட்டாங்க. எனக்குச் சட்டென்று வயிற்றைக் கலக்கியது. அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கூடலூருக்கு ஓடினார், நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். பழைய பேப்பர் கடைக்காரர் பாவம், நல்ல மனுஷர். எங்களோடு சேர்ந்து மூட்டை மூட்டையாகப் பிரித்துக் காட்டினார். "போன வாரமே லோடு மைசூர் பக்கம் போயிடுச்சும்மா, இந்நேரம் அரைச்சிருப்பாங்க" என்றார்.

அப்பாயி திட்டியிருந்தால் பரவாயில்லை. "போனாப் போகுது, நோட்டுதானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அன்றைக்கு அவங்க போட்ட டீயில் சர்க்கரையே இல்லை. யாரும் எதுவும் சொல்லாமல் குடித்தோம்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அவர் இறந்தபின் கிட்டத்தட்ட 85 வருஷம் அவர் வீட்டாரிடம்தான் இருந்திருக்கிறது. 1846-இல்தான் ஒரு பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த வீட்டில் என்னை மாதிரி ஒருத்தி இல்லை போலிருக்கிறது!

ஒரு வாரம் போயிருக்கும். அப்பா தன் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இங்க வா" என்று கூப்பிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹட்டனில் இருக்கும் பெரிய அப்பாயி, அதாவது எங்க அப்பாயியோட அக்கா, "அய்யா கையெழுத்தைப் பாக்கணும்போல இருக்கு" என்று வாட்ஸப்பில் கேட்டிருக்காங்க. அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கார். கொஞ்சம் ஆடிப்போன படம், ஒரு ஓரத்தில் அப்பாவின் கட்டைவிரல். முழு நோட்டில் எங்களுக்கு மிஞ்சியது இந்த ஒரு பக்கம்தான்.

அதில் கொழுந்துக் கணக்கு இல்லை. ஐந்து பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கணக்குத் தாத்தா, அவர் மனைவி, பெரிய அப்பாயி, எங்க அப்பாயி, அப்புறம் நான் கேள்வியே படாத ஒரு பையனின் பெயர். பெரிய அப்பாயி பெயருக்கு நேரே 'சிலோன்' என்று எழுதியிருந்தது. மற்ற மூன்று பேருக்கு நேரே 'இந்தியா'. அந்தக் கடைசிப் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. பெயரின் மேல் நேராக ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி.

அப்பாவுக்கும் தெரியவில்லை. "எனக்குத் தெரிஞ்சு அம்மாகூடப் பொறந்தது ஒரு அக்காதான்" என்றார். நாற்பது வயசுக்கு மேல் ஆன மனுஷன், தனக்கு ஒரு மாமா இருந்ததை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்!

அப்பாயியிடம் படத்தைக் காட்டி, "இது யாரு அப்பாயி?" என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாங்க. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கோழி உள்ள போச்சா பாரு" என்றாங்க. அவ்வளவுதான் அன்றைக்கு.

நான் விடவில்லை. தப்புப் பண்ணியவளுக்குக் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு புது நாற்பது பக்க நோட்டு வாங்கி, பேட்டி எடுக்கிற மாதிரி கேள்வியெல்லாம் எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். 'நீங்கள் பிறந்த ஆண்டு எது? சிலோனில் உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது?' அப்பாயி சிரிச்சிட்டாங்க. "நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஒரே பதில். போனில் ரெக்கார்டு போட்டால் இன்னும் மோசம். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் ரேஷன் கடை ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி ஆயிடுறாங்க.

அப்புறம் ஒரு நாள் தற்செயலாக, ரொட்டி சுடும்போது, "இதுக்கு சிலோன்ல என்ன தொட்டுக்குவீங்க?" என்று கேட்டேன். அரைமணி நேரம் பேசினாங்க! மாசிச் சம்பல் எப்படி இடிக்கணும், மாசிக் கருவாடு இல்லாவிட்டால் வெறும் மிளகாய், வெங்காயம். லயத்துக் காம்பிரா எவ்வளவு சின்னது, இஸ்தோப்பில் யார் படுப்பாங்க, விடியக்காலையில் பிரட்டுக்குத் தப்படிக்கிற சத்தம், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு அம்மா மலை ஏறுவது. நான் எதையும் எழுதவில்லை. ரொட்டி தின்று முடித்து, ஓடிப்போய் என் அறையில் உட்கார்ந்து மறக்கிறதுக்குள் எழுதினேன். அதற்குப் பிறகு இதையே வழக்கமாக வைத்துக்கொண்டேன். கேள்வி எப்பவும் சமையலில் ஆரம்பிக்கும். எங்கே போய் முடியும் என்பது அப்பாயி கையில்.

அப்படித்தான் அந்தக் கணக்கு நோட்டு எதற்கு என்பதும் தெரிந்தது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. முழு வேலை செய்தால் செக்ரோலில் பேர் விழும். கொழுந்து எடை குறைந்தாலோ, பாதியில் மழை வந்து நிறுத்தினாலோ அரைப் பேர். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கிறது என்று தண்ணிக்கு வேறு எடை கழிப்பார்கள். மாசக் கடைசியில் அரிசிக்கும் மாவுக்கும் பிடித்ததுபோக மிச்சம்தான் சம்பளம். எத்தனை பேர் விழுந்தது என்று தொழிலாளி கேட்டால் செக்ரோலில் இருப்பதுதான் கணக்கு. கணக்குத் தாத்தா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாவது வரை படித்தவர். அதனால் தன் பேரையும் மனைவி பேரையும் தினமும் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் தானே எழுதி வைப்பாராம். ஒரு மாசம் செக்ரோலில் மூன்று பேர் குறைந்திருக்கிறது. நோட்டைக் கொண்டுபோய் ஆபீசில் விரித்துக் காட்டினாராம். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். "ரெண்டு பேரைப் போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணு போனது போனதுதான்" என்று அப்பாயி சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கணுமே! ஐம்பது வருஷம் கழித்தும் அந்த ஒரு நாள் கூலிக்குக் கோபம் இருக்கு.

நான் 'வெறும் கணக்கு' என்று தூக்கிப் போட்டது இதைத்தான்.

வரலாற்றுப் பாடத்தில் நமக்கு இரண்டு வரியில் வந்துபோகும் ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த 'இந்தியா', 'சிலோன்' புரியாது. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் பெரும்பாலானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மூன்று குழந்தைகள் உள்ள ஒரு வீட்டுக்குள்ளேயே இந்த வகுத்தல் கணக்கு நடந்திருக்கிறது. பெரிய அப்பாயியைக் கட்டிக்கொடுத்த வீட்டார் சிலோனுக்கு எழுதிக் கொடுத்தவர்கள். அதனால் அவங்க அங்கேயே. மற்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் ரயில், பஸ் என்று இந்த மலைக்கு வந்தார்கள். சிலோனிலிருந்து திரும்பிய மக்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் நம் டேன்டீ. நம் பள்ளியில் எத்தனை பேர் அந்த வீடுகளிலிருந்து வருகிறோம் என்று உங்களுக்கே தெரியும். அங்கே இருக்கும்போது 'இந்தியாக்காரன்', இங்கே வந்ததும் 'சிலோன்காரன்'. என்னையும் ஆறாம் வகுப்பில் ஒருத்தி 'சிலோன்' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அவள்தான் என் நெருங்கிய தோழி, அதனால் பெயர் சொல்ல மாட்டேன்.

கப்பலேறிய வருஷம் 1976 என்று அப்பாயி அடித்துச் சொல்றாங்க. ஹட்டனிலிருந்து பெரிய அப்பாயி போனில், "இல்லடி, 77. எனக்கு மூத்தவன் பொறந்து நீ பாத்துட்டுத்தானே போன?" என்கிறாங்க. இரண்டு பேரும் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை! ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று அப்பாயி சொல்றாங்க. பெரிய அப்பாயியோ, "நான் ஸ்டேஷனுக்கே வரல. வந்தா தாங்கமாட்டேன்னு லயத்துலயே இருந்துட்டேன்" என்கிறாங்க. யார் சொல்வது உண்மை? நோட்டு இருந்திருந்தால் வருஷமாவது தெரிந்திருக்கும். நான் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர்.

அந்தக் கோடு போட்ட பெயரைப் பற்றி நான் மறுபடி கேட்கவே இல்லை. ஆடி மாசம் ஒரு மழை நாள். கரண்ட் இல்லை. மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தட்டில் வைத்தேன். அப்பாயி ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாங்க. தானாகத்தான் ஆரம்பிச்சாங்க.

1973, 74-இல் அங்கே அரிசி, மாவு, சர்க்கரை எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பங்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். ஊரில் இருப்பவர்களுக்காவது தோட்டம் துரவு இருக்கும். லயத்தில் இருப்பவர்களுக்குக் கூப்பன் அரிசியை விட்டால் என்ன இருக்கு? பாண் வாங்க இருட்டோடு எழுந்து கியூவில் நிற்கணும். (பாண் என்றால் நம்ம ஊர் ரொட்டி, பிரெட்.) தோட்டங்களில் நிறையப் பேர் செத்துப்போனார்கள். சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும்.

"தம்பிக்கு நாலு வயசு. எனக்குப் பன்னெண்டு. நான்தான் தூக்கிட்டுத் திரிவேன். என் இடுப்புலதான் வளந்தான்" என்றாங்க அப்பாயி. கிழங்கும் கீரையுமாகத் தின்றதில் வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம் நிற்கவில்லை. தண்ணிக் கஞ்சிதான் கொடுக்க இருந்தது. அன்றைக்குக் கியூவுக்குப் போகும்போது அவன் அப்பாயி சேலை முந்தானையைப் பிடிச்சானாம். சேலையில்லை, அம்மாவோட பழைய சேலையைக் கிழித்துக் கட்டிய தாவணி. விரலைப் பிரித்துவிட்டுப் போயிருக்காங்க. பாண் கிடைத்தது. திரும்பி வந்தபோது லயத்து வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"அந்தப் பாணை என்ன பண்ணுனேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகமில்ல புள்ள" என்றாங்க. அழவில்லை. கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாங்க.

அன்றைக்கு ராத்திரியும் கணக்குத் தாத்தா நோட்டை எடுத்திருக்கிறார். அப்பாயி அஞ்சாவது வரை படித்தவங்க, அப்பா எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அவர் தேதியைப் போட்டார். அவரும் அவர் மனைவியும் வேலைக்குப் போகாத நாள். அதனால் எப்பவும் மழை நாளில் எழுதுவதையே எழுதினார்.

'பேர் இல்லை.'

அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி அந்தக் கோட்டைப் போட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் தம்பி பேரை எடுக்கவில்லை. அம்மா அழுவாங்க என்று அப்பா பேசவில்லை, அப்பா தாங்கமாட்டார் என்று அம்மா பேசவில்லை. இவங்க இரண்டு பேருக்காகவும் அப்பாயி பேசவில்லை. அப்படியே கப்பலேறி வந்து, கல்யாணமாகி, எங்க அப்பா பிறந்து, நான் பிறந்து, பதினாறு வயசும் ஆயிடுச்சு.

சின்ன வயசுல நான் அந்த நோட்டைத் திறந்தபோது 'பேர் இல்லை' என்று எத்தனையோ இடத்தில் பார்த்தேன். அதில் ஒன்று அந்த நாளாக இருந்திருக்கும். மழை என்று நினைத்துப் புரட்டியிருப்பேன்.

இதைச் சுவரிதழில் எழுதலாமா என்று அப்பாயியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. 'இராத்தல்' என்று நான் சுத்தத் தமிழில் எழுதியிருந்ததைத் திருத்தி, "றாத்தல்னு போடு, அதான் சரி" என்றாங்க. சர்க்கரை இல்லாத டீயை எடுத்துவிடச் சொன்னாங்க. அதை மட்டும் நான் எடுக்கவில்லை. "தம்பி பேரை மட்டும் செவுத்துல ஒட்டாத. போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான்" என்றாங்க. அதனால்தான் இங்கே பெயர் இல்லை.

நோட்டில் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாங்க. "எழுது. அய்யா எழுதின மாதிரியே அஞ்சு பேரையும் ஒண்ணுங்கீழ ஒண்ணா எழுது. சிலோன், இந்தியா எல்லாம் வேணாம்" என்றாங்க.

எழுதினேன். ஐந்தாவது பெயரை எழுதி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாங்க.

"கோடு போட்டுறாத புள்ள."